வீட்டில் செய்த பெஞ்சு, மேசை: மழைக்கு முன்னால் மேலே என்ன பூசுவது?

மோல்மேன் கொல்லைப்புறம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம், பர்மா மோல்மேன்லேர்ந்து எழுதறேன். தண்ணித் திருவிழாவும் சித்திரைப் பிறப்பும் முடிஞ்சு வீடு அடங்கியாச்சு. இனி மழைக்கு மூணு நாலு வாரம்தான். அதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்.

நீட்டு பெஞ்சு ஒண்ணு, மேசை ஒண்ணு, முக்காலி ரெண்டு. எங்கப்பா தச்சர். அவரோட இழைப்புளியும் உளியும் என்கிட்டதான் இருக்கு, அதை வச்சு நானே செஞ்சேன். பொம்பளை கையில இழைப்புளியான்னு ஆச்சரியப்படறவங்க அடுத்த கேள்விக்குப் போயிடலாம்.

மரம் மூணு விதம். உக்கார்ற பலகை பழைய தேக்கு. எங்க தெருக்கோடியில ஒரு வீட்டைப் பிரிச்சப்ப தரைப்பலகையா வாங்கினது. கால் எல்லாம் பியின்காடோ, அதே வீட்டுத் தூணை அறுத்தது. சாய்மானச் சட்டமும் மேசைப் பலகையும் மட்டும் கன்யின், மில்லுல புதுசா அறுத்தது. எல்லாத்துக்கும் தேக்கு போடக் காசு பத்தலை.

வைக்கப் போற இடம் கொல்லையில ரம்புட்டான் மரத்தடி. மரத்தடின்னு பேர்தான், மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல மேற்கு வெயில் நேரா அடிக்கும். கூரை கிடையாது. ஐப்பசி வரைக்கும் மண்ணு சொதசொதன்னு இருக்கும்.

இனி ஆளாளுக்குச் சொன்ன யோசனை. பெயிண்ட் கடையில பளபளன்னு கிளியர் வார்னிஷ் டின்னை எடுத்து நீட்டினாங்க, அதுவும் ஒரு கேலன். மாமியார் பிறந்து வளர்ந்தது யேனஞ்சவுங் எண்ணெய்க் கிணத்துப் பக்கம். யேனான்சிதான், அதாவது கிணத்துக் கச்சா எண்ணெய்தான் பூசணும், எங்க ஊர் வீடெல்லாம் அதுலதான் நிக்குதுங்கறாங்க. வீட்டுக்காரரோட கூட்டாளி, வண்டியில வடிச்ச கழிவு ஆயிலை ஓசியில தர்றேன்னார். காரைக்குடிப் பக்கம் இருக்கற சித்தப்பா போன்ல ஆளிவிதை எண்ணெய்ங்கறார்.

எனக்கு வேண்டியது இதுதான். தேக்கோட ரேகை தெரியணும். மாமியார் வெள்ளைச் சேலையோட உக்காருவாங்க, கறை ஒட்டக்கூடாது. பேரப் பிள்ளைங்க அந்த மேசையிலதான் சாப்பிடும். வருஷா வருஷம் சுரண்டிச் சுரண்டிப் பூச என்னால ஆகாது. எது எடுக்கலாம்?


தாட்டோன் தச்சு சொன்னது:

அக்கா, மரம் மூணு விதம்னு சொன்னீங்களே, பாதிப் பதில் அங்கேயே இருக்கு. மூணுக்கும் சேத்து ஒரே டின் தேடாதீங்க.

முதல்ல அந்தக் கிளியர் வார்னிஷ். வீட்டுக்குள்ள அது ராஜா. மோல்மேன்ல வெளியில போட்டா? வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யற ஊரு உங்க ஊரு. ஆனா மழையை விட முதல் எதிரி வெயில்தான். கண்ணாடி மாதிரி இருக்கறதால வெயில் அதைத் தாண்டி உள்ள போயி, மரத்தோட மேல்தோலை, அந்த நாரையெல்லாம் ஒட்டிப் பிடிச்சு வச்சிருக்கற பசையை அரிச்சுடும். வார்னிஷ் நல்லாத்தான் இருக்கும், அது பிடிச்சு நிக்கற தோலு கெட்டுடும். அப்புறம் ஒரு கீறல், ஒரு மூட்டு இடுக்கு, அது வழியா தண்ணி உள்ள போயிடும். போன தண்ணிக்கு வெளிய வர வழி இல்ல. அடுத்த வெயில்ல அப்பளம் மாதிரி கொப்புளிச்சு எழும்பும், கீழ மரம் கருத்துப் போயிருக்கும். அதை மொத்தமாச் சுரண்டாம மேல புதுசு பூச முடியாது. நீங்க வேண்டாம்னு சொன்ன வேலை அதுதானே?

என்கிட்ட வர்றவங்க எல்லாரும் "எது ரொம்ப நாள் நிக்கும்"னுதான் கேப்பாங்க. நான் திருப்பிக் கேக்கறது, கெடும்போது எப்படிக் கெடணும்னு. உரிஞ்சு கெடறதை வச்சுக்கிட்டு அல்லாட முடியாது. தேஞ்சு கெடறது பரவாயில்ல, கழுவிக் காயவச்சு மேலயே இன்னொரு கை ஓட்டிட்டுப் போயிடலாம்.

இனி மரம் மரமா வர்றேன்.

தேக்கு: ஒண்ணும் பூசாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். வைரம் பாஞ்ச தேக்குல அதோட எண்ணெய் அதுக்குள்ளயே இருக்கு. வெயில்லயும் மழையிலயும் நரைச்சு வெள்ளிச் சாம்பல் நிறமாகும், அந்த நரை தோல் கனம்தான். இழைப்புளியால ரெண்டு இழுப்பு இழுத்தா உள்ள பழைய தேக்கு அப்படியே இருக்கும். ஒண்ணு மட்டும் பாருங்க. பலகை ஓரத்துல வெளுத்த மஞ்சளா பட்டை ஓடுதா? அது வெள்ளைப் பகுதி, அதுக்குத் தேக்குன்னு பேர் மட்டும்தான். கறையானும் தின்னும், மழையில மக்கவும் செய்யும். இருந்தா அறுத்துத் தள்ளிடுங்க.

நரை பிடிக்கலை, தேன் நிறம்தான் வேணும்னா, பழுப்பு நிறம் கலந்த வெளிப்புற ஸ்டெய்ன், அதாவது மரத்துல ஊறற நிறப்பூச்சு. நிறப்பொடி இருந்தாத்தான் வெயிலை மறிக்கும். பூசறதுக்கு முன்னால தின்னர்ல நனைச்ச துணியால பலகையைத் துடைச்சு, அது ஆவியானதும் அப்பவே பூசிடணும். அதோட சொந்த எண்ணெய் மேல இருந்தா எதுவும் ஒட்டாது.

பியின்காடோ: ரயில்வேக்காரன் தண்டவாளத்துக்கு அடியில போட்ட மரம். அதுக்கு நீங்களும் நானும் என்ன பூசி என்ன ஆகப்போவுது. உடம்பை விட்டுடுங்க, பாதத்தை மட்டும் விடாதீங்க. அதைக் கீழ சொல்றேன்.

கன்யின்தான் தலைவலி. வெயில்ல பிசின் கக்கும். ஈரத்துல உப்பும், காஞ்சா சுருங்கும், ரெண்டும் அதிகம். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டா தேக்கு அளவுக்குத் தாங்காது. அதுக்கு மேல பூச்சு கட்டாயம். ஆனா புதுசா அறுத்ததுன்னு சொல்றீங்க, காஞ்சிருக்கா? அங்குலக் கனத்துப் பலகை நிழல்ல காயவே மாசக் கணக்காகும். மிச்சத் துண்டு ஒண்ணை வாரத்துக்கொரு தரம் தராசுல போட்டுப் பாருங்க. எடை குறையறது நின்னாத்தான் காஞ்சதா அர்த்தம். இன்னும் குறைஞ்சுக்கிட்டே வந்தா இந்த மழைக்குப் பெயிண்ட், வார்னிஷ் ரெண்டும் வேண்டாம். உள்ளிருக்கற ஈரமே பூச்சைத் தள்ளிடும். மெல்லிசா ஸ்டெய்ன் ஒரு கை போட்டு, மழைக்கு வீட்டுத் தாழ்வாரத்துல ஏத்தி வைங்க. மிச்சத்தைக் கார்த்திகையில பார்ப்போம்.

இப்ப பாதம். மரம் தண்ணி குடிக்கறது பக்கவாட்டுல இல்ல, வெட்டுமுனையில. கால் மண்ணைத் தொடற இடம் முழுக்க வெட்டுமுனைதான். பழைய டின் மூடி நாலு எடுத்து, அதுல தின்னர் கலந்த வார்னிஷ் ஊத்தி, நாலு காலையும் அதுக்குள்ள நிக்க வைங்க. குடிக்கக் குடிக்க ஊத்துங்க. குடிக்கறது நின்னதும் எடுத்துக் காயவிடுங்க. அப்புறம் மண்ணுல நேரா வைக்காதீங்க, ஒவ்வொரு காலுக்கும் அடியில ஒரு செம்புறாங்கல் துண்டு. மேல பூசற அத்தனை டின்னையும் விட இந்த ஒரு வேலை பெஞ்சுக்கு ஆயுசு.

சட்டத்தோட கூர் விளிம்பையெல்லாம் உப்புத்தாளால உருட்டிடுங்க, கூர் முனையில எந்தப் பூச்சும் நிக்காது. மேசைப் பலகைக்கு மேல் பக்கம் பூசினா அடிப்பக்கமும் பூசணும், இல்லேன்னா ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி வளைஞ்சுடும்.


மாக்வே பெரியவர் சொன்னது:

தங்கச்சி, உங்கள் மாமியாரை யாரும் சிரித்துவிட வேண்டாம். அவர்கள் சொல்வது அந்த மண்ணின் வழக்கம். 1795ல் பர்மாவின் ஆவா அரசரிடம் வெள்ளைக்காரத் தூதராக வந்த மைக்கேல் சைம்ஸ் காலத்திலேயே யேனஞ்சவுங்கில் கையால் தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. பர்மா ஆயில் கம்பெனி வந்தது 1886ல்தான். விளக்குக்குப் போக மிஞ்சியதை வீட்டுத் தூணுக்கும் பலகைச் சுவருக்கும், பொங்கிகள் என்னும் புத்த பிக்குகள் இருக்கும் மர மடங்களுக்கும் பூசி வந்தார்கள். இலேசான பகுதி ஆவியாகிப் போகும். மெழுகும் தாரும் மரத்துக்குள் தங்கிவிடும். கறையான் அண்டாது, தண்ணீரும் இறங்காது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டுக்கு அடியில் தூண்களுக்குப் பூசும் நாளில் எங்களை உள்ளே விடமாட்டார்கள், அந்த நாற்றம் சோற்றிலும் ஏறும்.

ஆனால் உங்கள் பெஞ்சுக்கு அது ஆகாது. எங்கள் பக்கம் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத வறண்ட நாடு. பூசியது காய்ந்து இறுக வெயில் உண்டு. உங்கள் ஊர் ஈரத்தில் அது பிசுபிசுப்பாகவே கிடக்கும். வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்தால் சேலை அதோடு முடிந்தது. கச்சா எண்ணெயில் உள்ள சில பொருள்கள் தோலுக்கும் கெடுதல். பிள்ளைகள் கைவைத்துச் சாப்பிடும் மேசைக்கு வேண்டவே வேண்டாம். தேக்கின் ரேகையும் தெரியாது, எல்லாம் கருப்பு.

மாமியாருக்கு மனக்குறை வேண்டாம் என்றால் கொல்லை வேலிக் கம்பத்துக்கு அதைப் பூசச் சொல்லுங்கள். அங்கே அதற்கு இணை இல்லை.


தாட்டோன் தச்சு சொன்னது:

பெரியவர் சொன்னதுக்கு மறுபேச்சு இல்ல. ஓசிக் கழிவு ஆயிலைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை: வாங்காதீங்க. யேனான்சியில இருக்கற கெடுதல் அதுலயும் இருக்கு, எஞ்சின் தேஞ்ச உலோகத் தூளும் சேந்திருக்கு. காயவும் காயாது. ஒருதரம் பூசிட்டா அப்புறம் அந்த மரத்து மேல பெயிண்ட், ஸ்டெய்ன், பசை எதுவுமே பிடிக்காது. ஓசின்னா அதுக்குத்தான் ஓசி.


ரங்கூன் பெயிண்ட் கடை சொன்னது:

கேலன் டின் நீட்டியது எங்கள் கடை இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல வார்னிஷ் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர மீட்டர் ஓடும். அக்கா சொன்ன சாமான்கள் மொத்தத்துக்கும் லிட்டர் டின் இரண்டு வாங்கினால் மிஞ்சும்.

ஆளிவிதை எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லை. பச்சை எண்ணெய் காய வாரக்கணக்காகும். கடையில் 'பாயில்டு' என்று விற்பதில் உலோக உலர்த்தி சேர்த்திருப்பார்கள், அது ஓரிரு நாளில் காயும். இரண்டுக்குமே ஒரு குணம்: ஈரமான ஊரில் பூஞ்சைக்கு அது தீனி. காரைக்குடி வறண்ட சீமை, அங்கே சித்தப்பாவுக்கு அது சரிப்பட்டிருக்கும். மோல்மேன் மழையில் ஒரு பருவத்திலேயே கரும்புள்ளி விழும். 'டீக் ஆயில்' என்ற டின்னையும் தனி மருந்தாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் ஆளிவிதை அல்லது டங் எண்ணெய், தின்னர், கொஞ்சம் வார்னிஷ், அவ்வளவுதான் உள்ளே. பூஞ்சைத் தடுப்பு சேர்த்திருக்கிறதா என்று டின்னில் படித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த எண்ணெய் பூசினாலும் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகச் சூடேறும். குவியலாகக் கிடந்தால் தீயே பிடிக்கும், இது கதை இல்லை. வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

கடையில் கேட்கக்கூடாதவை: சாண்டிங் சீலர், என்.சி. லேக்கர், பிரெஞ்சு பாலிஷ். மூன்றும் வீட்டுக்குள் அலமாரிக்கு. பிரெஞ்சு பாலிஷ் அரக்கில் செய்வது, ஈரத் தம்ளர் வைத்தாலே வெள்ளை வளையம் விழும்.

கேட்க வேண்டியது: கன்யினுக்கு வெளிப்புற மர ஸ்டெய்ன், பாதி ஒளிபுகும் வகை. அடர்ந்த நிறமாக எடுங்கள், நிறம் கூடக்கூட ஆயுள் கூடும். தாய்லாந்து டின் வருகிறது, விலைதான் வாரத்துக்கு ஒன்று. எனக்குத் தோன்றுவதைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால், கன்யின் சட்டத்துக்கு வெளிப்புற அக்ரிலிக் பெயிண்டே அடித்துவிடலாம். வெயிலை முழுதாக மறிப்பது அது ஒன்றுதான். ரேகை தெரிய வேண்டியது தேக்குக்குத்தானே. ஈயம் சேர்க்காதது என்று டின்னில் எழுதியிருக்க வேண்டும், பிள்ளைகள் கைபடும் சாமான்.

தச்சர் அண்ணே ஒத்துக்கொள்ள மாட்டார், தெரியும்.


தாட்டோன் தச்சு சொன்னது:

ஒத்துக்க மாட்டேன். பெயிண்டும் உரியத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமா உரியும், அதுதான் வித்தியாசம். அதுவும் பிசின் கக்கற மரத்து மேல. ஸ்டெய்ன்.


பகான் ரசிகன் கேட்டது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பகான் கைவினைச் சாமான்களுக்குப் பூசுகிறார்களே தித்சி என்ற மரப்பால், அது தண்ணீருக்கு அசையாது என்கிறார்கள். பெஞ்சுக்குப் பூசினால் என்ன?


மாக்வே பெரியவர் சொன்னது:

தம்பி, தித்சி மரத்துப் பால் தண்ணீருக்கு அசையாது என்பது சரி. அது காய்வதற்கே ஈரக் காற்று வேண்டும், அதனால்தான் பகானில் பூசிய சாமான்களை நிலவறையில் வைத்துக் காயவிடுகிறார்கள். ஆனால் வெயிலுக்கு அது ஆகாது. நாளாக ஆகப் பளபளப்பு போய் மேல்புறம் பொடிந்து போகும். பச்சைப் பால் கையில் பட்டால் பலருக்குத் தோல் தடித்து அரிக்கும். வெற்றிலைப் பெட்டிக்கு ஏற்றதை வெயிலில் கிடக்கும் பெஞ்சுக்குக் கொண்டுவர வேண்டாம்.


மோல்மேன் கொல்லைப்புறம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாமியார்கிட்ட பெரியவர் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். வேலிக் கம்பம்னதும் சம்மதம்.

தேக்குப் பலகையில ஒண்ணுல மட்டும் ஓரத்துல வெளுப்புப் பட்டை இருக்கு, அதை அறுத்துடறேன். மத்ததை அப்படியே விடறேன். நரைக்கட்டும், என் தலையும் அப்படித்தான் இருக்கு. கன்யின் துண்டைத் தராசுல போட்டேன், வீசைக் கல்லு வச்சுப் பார்த்தா போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நல்லாவே குறைஞ்சிருக்கு. அப்ப இன்னும் காயலை. சாய்மானத்துக்கு மெல்லிசா ஸ்டெய்ன் ஒரு கை போட்டுட்டு கார்த்திகை வரைக்கும் காத்திருக்கேன்.

மேசை மட்டும் எனக்கு மனசு ஆறலை. பிள்ளைங்க சாப்பிடறது, குழம்பு சிந்தும், மஞ்சக் கறை. ஸ்டெய்ன் போட்டா கறை இறங்கிடாதா? மேசைக்கு மட்டும் வார்னிஷ் போட ஒரு வழி சொல்லுங்க. அப்புறம் பழைய இரும்பு ஆணி போன ஓட்டையைச் சுத்தி தேக்குல கருப்பா இருக்கே, அது போகுமா?


தாட்டோன் தச்சு சொன்னது:

மேசைக்கு வழி இருக்கு அக்கா. பலகையைச் சட்டத்தோட ஆணி அடிச்சு இறுக்கிடாதீங்க. அடியிலேர்ந்து நாலு போல்ட், கையால திருகற நட்டு. மழை ஆரம்பிச்சதும் பலகையைக் கழட்டி வீட்டுக்குள்ள சாத்தி வச்சுடுங்க, ஐப்பசி முடிஞ்சு திரும்ப மாட்டுங்க. மழையே படாத பலகைக்கு வார்னிஷ் தாராளமாப் போடலாம். கன்யின் நல்லாக் காஞ்ச பிறகு, படகுக்குப் பூசற வகை, வெயில் தடுப்பு சேத்தது. முதல் கோட் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து, உறிஞ்சிக்கட்டும். ரெண்டாவது கால் பங்கு தின்னர். அப்புறம் கலக்காம மூணு கோட். நடுவுல 240 நம்பர் உப்புத்தாளால மெல்லமா ஓட்டி, தூசியைத் துடைச்சுட்டு அடுத்தது. உச்சி வெயில்ல அடிக்காதீங்க, குமிழி விடும். பொழுது சாஞ்சும் அடிக்காதீங்க, பனி இறங்கி மேல வெள்ளையா பூத்துடும். காலையில எட்டு ஒன்பது மணி நல்ல நேரம்.

போல்ட் ஓட்டையைக் கொஞ்சம் நீளவாட்டமாத் துளைங்க, மரம் உப்பிச் சுருங்க இடம் வேணும்.

ஆணிக் கருப்பு ஆக்சாலிக் ஆசிட்ல போகும். வெந்நியில கரைச்சு, கையுறை போட்டுக்கிட்டு பூசி, கொஞ்ச நேரம் விட்டு நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவணும். அது விஷம், பிள்ளைங்க இல்லாத நேரமா பாருங்க. ஆனா புதுசா மறுபடி இரும்பு ஸ்க்ரூ போட்டா மறுபடி கருக்கும். இரும்பும் ஈரமும் மரத்துச் சாறும் சேந்தா அந்தக் கறைதான் வரும். பித்தளை, இல்லேன்னா ஸ்டெயின்லெஸ்.


மோல்மேன் கொல்லைப்புறம் எழுதியது:

கழட்டற பலகை நல்ல யோசனை அண்ணே, எங்கப்பாவுக்கும் பிடிச்சிருக்கும். பித்தளை ஸ்க்ரூ வாங்கிட்டேன், ஆனா பியின்காடோவுல ஏத்தும்போது முதல் ஸ்க்ரூவே தலை முறிஞ்சு போச்சு. துளை போட்டுத்தான் ஏத்தினேன். அப்புறம், மழையில பெஞ்சு மேல தார்பாய் போர்த்தி வைக்கலாமா?


ரங்கூன் பெயிண்ட் கடை சொன்னது:

தார்பாய் வேண்டாம். மண்ணிலிருந்து எழும்பும் ஈரம் உள்ளேயே நின்று புழுங்கும், திறந்து பார்க்கும்போது பாசி பிடித்திருக்கும். நனைந்து காய்வதுதான் தேக்குக்கு நல்லது. மேலே தகரம் ஒன்று சாய்வாக வைத்து நாலு பக்கமும் காற்று போக விட்டால் சரி.

ஸ்க்ரூவுக்கு: அதே அளவில் ஒரு இரும்பு ஸ்க்ரூ எடுத்து, துளைக்குள் முதலில் அதைத் திருகி வழி உண்டாக்கிக் கழற்றிவிடுங்கள். பிறகு பித்தளை ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக் கையாலேயே ஏற்றுங்கள், மிஷின் வேண்டாம். முறிந்து உள்ளே நிற்பதைத் தோண்ட முயல வேண்டாம், ஒரு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.